வேலிக்குள் வளர்ந்த பூங்கா
சுங்கை பூலோவின் பூச்செடித் தோட்டங்களும் அவற்றின் வரலாறும்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வாழும் குடும்பங்கள் விடுமுறை நாட்களில் நாடிச் செல்லும் இடங்கள் பல. பத்துமலைக் குகைக் கோயில் உண்டு. ஏரிப் பூங்கா உண்டு. உயிரியல் காட்சி சாலை உண்டு. கடலைக் காண விழைவோர்க்கு மோரிப் கடற்கரை உண்டு. இவ்வரிசையில் சுங்கை பூலோவுக்கும் ஓர் இடம் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் அங்குள்ள மருத்துவமனைச் சாலையின் இருமருங்கும் வண்டிகள் நிற்கும். காகிதப்பூ, செம்பருத்தி, மல்லிகை, ஆர்க்கிட், கறிவேப்பிலைக் கன்று, துளசி, மூங்கில், குறுமரம் என்று எதைக் கேட்டாலும் அங்குக் கிடைக்கும். பிள்ளைகள் செடிகளின் நடுவே ஓடி ஆடுவர். தாய்மார் விலை பேசுவர். தந்தையர் மண்மூட்டையைத் தூக்கி வண்டியில் வைப்பர். மாலையில் குடும்பம் ஒரு சிறு தோட்டத்துடன் வீடு திரும்பும்.

சுங்கை பூலோ என்னும் மலாய்ப் பெயருக்கு மூங்கில் ஆறு என்பது பொருள். அழகிய பெயர். ஆயினும் அரை நூற்றாண்டுக்கு முன்னர் அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நாட்டு மக்கள் முகம் சுளித்தனர் என்பதை இன்று செடி வாங்கச் செல்வோர் அனைவரும் அறிந்திருப்பர் என்று சொல்ல இயலாது. குடும்பங்கள் கூடிக் களிக்கும் அவ்விடம், குடும்பத்தினின்றும் மனிதரைப் பிரித்து வைப்பதற்கென்றே அமைக்கப்பட்ட இடமாகும். அங்கு முதன்முதல் செடி வைத்து நீரூற்றியவர்கள் தொழுநோயாளர்கள். அவர்கள் வரலாறு அறியத்தக்கது.

பூங்கா யாருக்கு?

குடும்பத்தோடு உலாச் செல்லுதல் என்னும் பழக்கம் மலாயாவில் எவ்வாறு வளர்ந்தது என்பதை முதலில் நோக்குதல் நன்று. கோலாலம்பூரின் ஏரிப் பூங்கா 1888ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்றது. சிலாங்கூர் அரசின் பொருளாளராய் இருந்த ஆல்பிரட் வென்னிங் என்பவரின் முயற்சி அது. ஈயச் சுரங்கப் புழுதி படிந்த சிறு நகரில், மாலை வேளையில் காற்று வாங்கவும் நடை பயிலவும் அதிகாரிகளுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. இங்கிலாந்து நாட்டுப் பூங்காக்களின் நினைவில் அது உருவாயிற்று. இன்று பெர்டானா தாவரவியல் பூங்கா என்ற பெயருடன் எல்லா மக்களுக்கும் அது திறந்து கிடக்கிறது.

தோட்டப்புறத் தமிழரின் உலாவோ வேறு வகையினது. கித்தாக் காட்டில் விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற மக்களுக்கு ஓய்வு என்பது திருவிழாவுடன் சேர்ந்தே வந்தது. தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் 1891ஆம் ஆண்டில் பத்துமலைக் குகையில் முருகன் கோயில் நிறுவப்பட்டது. 1892 முதல் அங்குத் தைப்பூசம் நடந்து வருகிறது. தைப்பூசத்துக்குச் செல்வது வழிபாடும் ஆகும். உறவினரைக் காண்பதும் ஆகும். பிள்ளைகளுக்கு வளையலும் பலகாரமும் வாங்கித் தருவதும் ஆகும். ஆண்டு முழுவதும் ஒரு தோட்டத்தின் எல்லைக்குள் அடங்கிக் கிடந்த குடும்பம், அந்த ஒரு நாள் உலகத்தைக் கண்டு வந்தது.

ஆகவே, உலாச் செல்லுதல் என்பது வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளத்தக்கதன்று. விரும்பிய இடத்துக்கு விரும்பியவருடன் செல்லும் உரிமை அதனுள் அடங்கியிருக்கிறது. அவ்வுரிமையை முற்றிலும் இழந்த ஒரு கூட்டத்தாரின் ஊராகத் தோன்றியதே சுங்கை பூலோக் குடியிருப்பு.

நோயும் அச்சமும்

தொழுநோய் மிகப் பழைய நோய். நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் என்பவர் 1873ஆம் ஆண்டில் அதற்குக் காரணமான நுண்கிருமியைக் கண்டறிந்தார். பரம்பரைச் சாபம் என்றும் முன்வினைப் பயன் என்றும் எண்ணப்பட்டு வந்தது ஒரு கிருமியின் விளைவே எனத் தெளிவாயிற்று. அறிவு வளர்ந்தால் அச்சம் குறைதல் வேண்டும். இந்நோயின் திறத்தில் நிகழ்ந்ததோ அதற்கு மாறானது. கிருமியால் வருவது என்றால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்பது பெறப்படும். எனவே நோயாளரை ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற குரல் ஓங்கிற்று. அவாய்த் தீவுகளில் தொழுநோயாளர்க்குத் தொண்டு புரிந்த டேமியன் பாதிரியார் அந்நோய்க்கே இரையாகி 1889ஆம் ஆண்டில் மறைந்தது உலகெங்கும் பேரச்சத்தை விளைத்தது. 1897இல் பெர்லினில் கூடிய அனைத்துலக மாநாடும் ஒதுக்கி வைத்தலை ஆதரித்தது.

உண்மையில் இந்நோய் எளிதில் தொற்றுவதன்று. மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இதனை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையாகவே உண்டு. நோயாளருடன் நெடுங்காலம் நெருங்கி வாழ்ந்தோருள்ளும் சிலரையே அது பற்றுகிறது. இவ்வுண்மை நன்கு உணரப்படுவதற்கு முன்பே சட்டங்கள் இயற்றப்பட்டு விட்டன.

மலாயாவில் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தொழுநோயாளர் விடுதி இருந்தது. கோலாலம்பூரை அடுத்த செத்தாப்பாக்கிலும் ஒன்று இருந்தது. அதன் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. நோய் தீர்க்கும் இடமாக அது அமையவில்லை. நோயாளர் பிறர் கண்ணிற் படாமல் கிடந்து மடியும் இடமாகவே அமைந்தது. 1926ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களாகிய பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவற்றுக்குத் தொழுநோயாளர் சட்டம் ஒன்று பிறந்தது. அதன்படி நோயுற்றார் எவராயினும் கட்டாயமாக ஒதுக்கி வைக்கப்படலாயினர். குற்றம் செய்தவனுக்காவது தண்டனைக் காலம் என்று ஓர் எல்லை உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை.

டிராவர்ஸ் கண்ட கனவு

செத்தாப்பாக்கின் அவலத்தைக் கண்டு மனம் பொறாதவர் டாக்டர் டிராவர்ஸ். சிலாங்கூரில் நெடுங்காலம் மருத்துவப் பணியாற்றியவர். அந்நாளில் தொழுநோய்க்குச் சற்றேனும் பயன் தந்த மருந்து ஒன்றே. தமிழ்நாட்டுச் சித்த மருத்துவர் நீரடிமுத்து என்று கூறும் விதையின் இனத்தைச் சேர்ந்த விதைகளிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய் அது. சீன மருத்துவரும் அவ்வினத்து விதையைப் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டு வந்தனர். டிராவர்ஸ் செத்தாப்பாக்கு நோயாளர்க்கு அச்சீன மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு நலம் கண்டது. நோயாளரை நன்றாக உண்பித்து, வேலை கொடுத்து, மனிதராக நடத்தினால் மருந்தும் வேலை செய்யும் என்பது அவர் கொள்கை.

அதன் பயனாக எழுந்ததுதான் சுங்கை பூலோ. கோலாலம்பூருக்கு வடமேற்கே, குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில், ஐந்நூற்றுக்கு மேற்பட்ட ஏக்கர் நிலப்பரப்பில் 1930ஆம் ஆண்டில் அக்குடியிருப்பு திறக்கப்பட்டது. 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்பது அதற்கு வழங்கிய பெயர்.

அதன் அமைப்பு கருதத்தக்கது. எபநேசர் ஓவர்டு என்னும் ஆங்கில அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'தோட்ட நகர்' என்னும் கொள்கையை வெளியிட்டார். நகரத்தின் வசதியும் நாட்டுப்புறத்தின் பசுமையும் ஒருங்கே அமைந்த ஊர்கள் வேண்டும் என்பது அவர் கருத்து. அக்கருத்தைத் தழுவிச் சுங்கை பூலோ வகுக்கப்பட்டது. நீண்ட கொட்டகைகளில் நூற்றுக்கணக்கானோரை அடைத்து வைக்காமல், சிறுசிறு வீடுகள் வரிசையாகக் கட்டப்பட்டன. ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் சிறிது நிலம் விடப்பட்டது. பள்ளிவாசல், தேவாலயம், இந்துக் கோயில், சீனர் கோயில் ஆகியன எழுந்தன. பள்ளிக்கூடம், சந்தை, விளையாட்டுத் திடல், காவல் நிலையம் ஆகியனவும் இருந்தன. நோயாளரே ஆசிரியராயினர், நோயாளரே காவலராயினர், நோயாளரே தாதியராகித் தம்மினும் மெலிந்தோரைப் பேணினர். ஓர் ஊருக்கு வேண்டுவன எல்லாம் அங்கிருந்தன.

சிறைச்சாலையும் இருந்தது. வேலியும் இருந்தது. குடியிருப்பினுள் மட்டும் செல்லத்தக்க தனிப் பணத்தாள்களும் 1936ஆம் ஆண்டில் அடிக்கப்பட்டன. நோயாளர் தொட்ட காசைப் பிறர் தொட அஞ்சினர் என்பதற்கு அத்தாள்களே சான்று. எத்துணை அழகிய தோட்டமாயினும், வாயிலைக் கடந்து வெளியே செல்ல உரிமை இல்லையெனில் அதனைப் பூங்கா என்று அழைப்பது எங்ஙனம்?

தாயும் சேயும்

அங்கு வாழ்ந்தோருள் பெரும்பாலோர் சீனர். மலாய்க்காரரும் தமிழர் முதலிய இந்தியரும் இருந்தனர். தோட்டத் தொழிலாளியின் உடம்பில் உணர்ச்சியற்ற தழும்பு ஒன்று காணப்பட்டால், சுங்கை பூலோவுக்கு அனுப்பப்படுவோமோ என்று குடும்பமே நடுங்கியது. அவ்வச்சத்தால் நோயை மறைத்தவர் பலர். மறைத்ததனால் நோய் முற்றியது. நோயைத் தடுக்கவென்று இயற்றிய சட்டம் நோயை வளர்க்கவும் உதவிற்று.

குடியிருப்பினுள் ஆணும் பெண்ணும் கண்டு மணந்துகொள்ளத் தடை இல்லை. பிள்ளைகளும் பிறந்தனர். ஆனால் பிறந்த பிள்ளை தாயிடம் இருக்க இயலாது. கைக்குழந்தைகளை நோய் எளிதில் பற்றும் என்ற எண்ணத்தால், பிறந்தவுடனே அவை தாயினின்றும் பிரிக்கப்பட்டுத் தனியே அமைந்த குழந்தைகள் இல்லத்தில் வளர்க்கப்பட்டன. வெளியூரிலுள்ள உறவினர் வந்து எடுத்துச் செல்லலாம். சில மாதங்களுக்குள் எவரும் வாராவிடின் பிள்ளை தத்துக்குக் கொடுக்கப்படும். பெரும்பாலான இல்லங்களில் தொழுநோயாளரின் பிள்ளையை ஏற்க உறவினரே அஞ்சிய காலம் அது. ஆகவே எத்தனையோ குழந்தைகள் வேறு இனத்தவர் இல்லங்களிலும், வேறு மொழியிலும், வேறு சமயத்திலும் வளர்ந்தன. வளர்ந்து முதியோரான பின்னர்த் தம்மைப் பெற்றவரைத் தேடிச் சுங்கை பூலோவுக்கு வந்த மக்களும் உண்டு. சிலர் கண்டனர், சிலர் கல்லறையையே கண்டனர்.

பெற்ற பிள்ளையை ஒருநாளேனும் கைப்பிடித்து உலாவிற்கு அழைத்துச் செல்லும் பேறு அத்தாய்மார்க்கு வாய்க்கவில்லை. இன்று அதே நிலத்தில் பிள்ளைகளின் சிரிப்பொலி கேட்கிறது என்பதை எண்ணிப் பார்க்கையில், காலத்தின் போக்கு வியப்பையும் துயரையும் ஒருசேரத் தருகிறது.

போரும் பசியும்

1930களின் இறுதிக்குள் குடியிருப்பு நன்கு வேரூன்றி விட்டது. டாக்டர் கார்டன் ரைரி அதன் கண்காணிப்பாளராய் இருந்து பல ஆராய்ச்சிகளையும் நடத்தினார். அந்நிலையில் போர் வந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் மலாயாவை ஆண்டனர். நாடு முழுவதும் அரிசிக்கு ஏங்கிய காலத்தில், வெளியே சென்று பிழைக்க இயலாத நோயாளரின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. உணவும் மருந்தும் இன்றிப் பெருந்தொகையினர் மாண்டனர். எஞ்சியோர் வீட்டைச் சுற்றியிருந்த சிறு நிலத்தில் மரவள்ளியும் கீரையும் பயிரிட்டு உயிர் காத்தனர். அழகுக்காக ஒதுக்கப்பட்ட நிலம் உயிருக்கு ஆதாரமாயிற்று. மண்ணைக் கொத்தி வாழும் பழக்கம் அக்காலத்தில் மேலும் உறுதிப்பட்டது.

உலகுக்குச் செய்த உதவி

போருக்குப் பின்னர் மருத்துவத்தில் ஒரு திருப்பம் நேர்ந்தது. அமெரிக்காவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் 1941ஆம் ஆண்டில் சல்போன் இனத்து மருந்து கையாளப்பட்டு நல்ல பயன் கண்டது. தமிழ்நாட்டில் செங்கற்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோயாளர் இல்லத்தில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அம்மருந்தினத்தைச் சோதித்துப் பரப்பியவர்களுள் ஒருவர். அவ்வில்லமே பின்னர் 1955ஆம் ஆண்டில் இந்திய நடுவண் அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக மாறியது. டாப்சோன் என்னும் மலிவான மாத்திரை சுங்கை பூலோவையும் எட்டியது. வலி தரும் எண்ணெய் ஊசிகள் வழக்கொழிந்தன. நோய் தீரும் என்ற நம்பிக்கை முதன்முறையாக உண்மையாயிற்று.

எனினும் சில ஆண்டுகளில் ஒரு புதிய சிக்கல் தோன்றிற்று. பல்லாண்டு டாப்சோன் உண்டு நலம் பெற்ற சிலருக்கு நோய் மீண்டும் தலைகாட்டிற்று. நோயாளர் மருந்தை ஒழுங்காக உண்ணவில்லையா, அல்லது கிருமியே மருந்துக்குப் பழகி விட்டதா என்பது வினா. இதனை ஆராய்வது எளிதன்று. தொழுநோய்க் கிருமி கண்ணாடிக் குழாயில் வளர்வதில்லை. 1960ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஷெப்பர்டு, அக்கிருமியைச் சுண்டெலியின் உள்ளங்காலில் வளர்க்கும் முறையைக் கண்டறிந்தார். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் சுங்கை பூலோவில் இயங்கிய ஆராய்ச்சிப் பிரிவினர் அம்முறையைப் பயன்படுத்தினர். சுங்கை பூலோ நோயாளரிடமிருந்து எடுத்த கிருமிகள், டாப்சோன் ஊட்டிய எலிகளிலும் வளர்ந்தன. கிருமி மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெற்று விட்டது என்பதைப் பெட்டிட், ரீஸ் ஆகிய இருவரும் 1964ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். அத்தகைய முதற் சான்று அதுவே.

தொடர்ந்து ரிபாம்பிசின் என்னும் மருந்தும் அங்குச் சோதிக்கப்பட்டது. மிகச் சில நாட்களிலேயே கிருமிகளைக் கொல்லும் அதன் வன்மை 1970ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஒரே மருந்தை நம்பியிருத்தல் தகாது, பல மருந்துகளைச் சேர்த்தே கொடுத்தல் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு 1981ஆம் ஆண்டில் முடிவு செய்தது. அம்முடிவுக்கு அடிகோலிய ஆராய்ச்சிகளுள் சுங்கை பூலோவில் நடந்தவை தலையாயவை. அன்று முதல் கோடிக்கணக்கான மக்கள் பல்மருந்து முறையால் குணமடைந்துள்ளனர். உலகம் யாரை ஒதுக்கி வைத்ததோ அவர்கள் உடலைக் கொண்டே உலகம் நலம் பெற்றது. ஆராய்ச்சியாளர் பெயர் ஏடுகளில் உள்ளது. உடலை ஈந்தோர் பெயர் ஏடுகளில் இல்லை.

பூச்செடி விற்ற கைகள்

நோய் தீர்ந்தது, வீடு திரும்பும் வழி திறந்தது. 1969ஆம் ஆண்டில் நாடு தழுவிய தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. நோயாளர் தத்தம் ஊரிலுள்ள மருத்துவமனைகளிலேயே மருந்து பெறலாயினர். சுங்கை பூலோ தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டு நிலையமாயிற்று. ஜெரஜாக் தீவு விடுதி மூடப்பட்டு அங்கிருந்தோரும் சுங்கை பூலோவுக்குக் கொணரப்பட்டனர்.

ஆயினும் பலர் வீடு திரும்பவில்லை. விரல் மடங்கியும் முகம் மாறியும் இருந்தவரை ஊர் ஏற்கவில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துச் செல்வோர்க்கு வீடு என்று ஒன்று எஞ்சியிருக்கவும் இல்லை. அவர்கள் அங்கேயே தங்கினர். தங்கியோர் பிழைக்க வேண்டுமே! வெளியார் வேலை கொடுக்க மறுத்தனர். கைவசம் இருந்தவை இரண்டே: வீட்டைச் சுற்றியிருந்த நிலம் ஒன்று, பல்லாண்டு மண்ணில் உழைத்துப் பெற்ற அறிவு மற்றொன்று.

பூக்களையும் அழகுச் செடிகளையும் வளர்த்து விற்கும் தொழில் இவ்வாறு பெருகிற்று. குடியிருப்பு நிலத்தில் பயிரிட அவர்களுக்குத் தற்காலிக உரிமம் வழங்கப்பட்டது. உணவுப் பொருளை வாங்க அஞ்சியவரும் பூச்செடியை வாங்கத் தயங்கவில்லை. அதே காலத்தில் கோலாலம்பூரைச் சுற்றிப் புதிய குடியிருப்புப் பகுதிகள் எழுந்தன. பெட்டாலிங் ஜெயாவிலும் பிற இடங்களிலும் வரிசை வரிசையாக வீடுகள் தோன்றின. ஒவ்வொரு வீட்டின் முன்னும் கையகல நிலம் இருந்தது. அந்நிலங்களுக்குச் செடி வேண்டியிருந்தது. நகரம் வளர வளரச் சுங்கை பூலோவின் செடி வாணிகமும் வளர்ந்தது. முதலில் செடி வெளியே சென்றது. பின்னர் மக்கள் செடியைத் தேடி உள்ளே வந்தனர். சீனப் புத்தாண்டுக்கு முன்னுள்ள வாரங்களில் கிச்சிலிச் செடி வாங்கக் கூட்டம் நெருக்கியது. வேலி எவர் ஆணையாலும் ஒரே நாளில் வீழவில்லை. வாங்க வந்தோரின் கால்களே அதனைத் தேய்த்துத் தரையாக்கின.

மக்களின் அச்சத்தைப் போக்குவதற்கு மருத்துவர்கள் ஆண்டுக்கணக்காக விளக்கம் கூறினர். துண்டு வெளியீடுகள் அடித்தனர். அவற்றால் ஆகாததைப் பூச்செடிகள் செய்தன. ஒரு மல்லிகைக் கன்றைக் கையிலிருந்து கைக்கு மாற்றுகையில், காசைக் கொடுத்து மீதியைப் பெறுகையில், நோயுற்றிருந்தவரும் மற்றவரும் மீண்டும் ஒரே உலகத்தினர் ஆயினர்.

அயலில் ஒரு காடு

சுங்கை பூலோவுக்கு அயலில் உள்ளது கெப்போங். அங்கு 1929ஆம் ஆண்டில், குடியிருப்பு திறக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டில், வன ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ஈயச் சுரங்கத்தாலும் காய்கறித் தோட்டத்தாலும் வளமிழந்த வெற்று நிலத்தில் மரங்களை நட்டு மழைக்காடு ஒன்றை மனிதர் உண்டாக்கினர். ஐந்நூறு எக்டேருக்கு மேற்பட்ட அக்காடு இன்று குடும்பங்கள் நடை பயிலும் இடமாகத் திகழ்கிறது. அங்குள்ள கற்பூர மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்பதை அண்ணாந்து பார்த்துப் பிள்ளைகள் வியப்பர். கற்பூரத்தின் பொருட்டே முற்காலத் தமிழ் வணிகர் சுமத்திராவின் பாருஸ் துறைமுகத்துக்குக் கடல் கடந்து சென்றனர். அங்கு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது.

கெப்போங் வனப் பூங்கா 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. மனிதர் அழித்த நிலத்தை மனிதரே மீட்டனர் என்பதே அதன் பெருமை. சுங்கை பூலோவும் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2019ஆம் ஆண்டில் இடம் பெற்றது. இரு நிலங்களும் அண்டை நிலங்கள். ஏறத்தாழ ஒரே வயதினவும் ஆகும். ஒன்றில் காடு மீண்டது. மற்றொன்றில் மீண்டது எது என்பதை அங்குச் செல்வோர் உணர்தல் வேண்டும்.

இடிந்தவையும் எஞ்சியவையும்

நகரம் நெருங்க நெருங்க நிலத்தின் விலை ஏறிற்று. 2006ஆம் ஆண்டில் அருகே புதிய சுங்கை பூலோ மருத்துவமனை திறக்கப்பட்டது. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது நாட்டின் தலையாய சிகிச்சை நிலையமாக அது விளங்கிற்று. மீண்டும் ஒருமுறை தொற்றுநோய்க்கு அஞ்சிய மக்களின் வாயில் சுங்கை பூலோ என்னும் பெயர் அடிபட்டது. 2007ஆம் ஆண்டில் பழைய குடியிருப்பின் கிழக்குப் பகுதி, பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி ஒன்றுக்காக இடிக்கப்பட்டது. முதியோர் சிலர் நெடுநாள் வாழ்ந்த வீட்டைவிட்டு இடம்பெயர நேர்ந்தது. ஒருகால் கட்டாயமாக உள்ளே கொணரப்பட்டவர்கள், மறுகால் கட்டாயமாக வெளியேற்றப்பட்டனர். இவ்விடிப்பு மக்கள் மனத்தை உலுக்கிற்று. எஞ்சிய பகுதியைக் காக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. குடியிருப்பினரின் வாய்மொழி வரலாறுகள் தொகுக்கப்பட்டன. 2018ஆம் ஆண்டில் அங்கு ஒரு வரலாற்றுக் கூடமும் திறக்கப்பட்டது.

இத்தகைய இடத்தை உலாவுக்குரிய இடமாக்குதல் தகுமா என்ற ஐயம் எழலாம். நடுநிலக் கடற்பகுதியில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. கிரீட் தீவின் கரையருகே ஸ்பினலோங்கா என்னும் சிறு தீவு இருக்கிறது. வெனிசு நகரத்தார் பதினாறாம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை அங்குள்ளது. 1903 முதல் 1957 வரை கிரேக்க நாட்டுத் தொழுநோயாளர் அத்தீவில் ஒதுக்கி வைக்கப்பட்டனர். இன்று ஆஜியோஸ் நிக்கோலாஸ், எலௌண்டா ஆகிய கடற்கரை ஊர்களிலிருந்து கோடைக்காலத்தில் படகு படகாகக் குடும்பங்கள் அங்குச் செல்கின்றன. நீலக் கடலும் பழங்கோட்டையும் கண்ணைக் கவர்கின்றன. நோயாளர் வாழ்ந்த வீடுகளின் இடிபாடுகள் நெஞ்சைத் தொடுகின்றன. ஆனால் அங்கு வாழ்ந்தோர் எவரும் இன்று அங்கில்லை. வருவோர் கல்லையே காண்கின்றனர்.

சுங்கை பூலோ அத்தகையதன்று. நோய் தீர்ந்த முதியோர் அங்கு இன்னும் வாழ்கின்றனர். அவர்கள் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. செடித் தோட்டங்களுட் பல அவர்தம் வழியினர் கையிலும் பிறர் கையிலும் உள்ளன. நிலமோ அரசினுடையது. தற்காலிகம் என்று எழுதிக் கொடுத்த உரிமத்தின் பேரில் பல பத்தாண்டுகள் நிற்கும் தோட்டங்கள் அவை. வீடுகளைக் காத்துத் தோட்டங்களை அகற்றினாலும், தோட்டங்களைக் காத்து வீடுகளை அகற்றினாலும் வரலாறு பாதியே நிற்கும். வீடு அவர்கள் பட்ட துன்பத்தைக் காட்டுகிறது. தோட்டம் அவர்கள் அத்துன்பத்தை வென்றதைக் காட்டுகிறது.

2016ஆம் ஆண்டு முதல் பெருவிரைவு இரயிலும் சுங்கை பூலோவை எட்டிவிட்டது. பிரிக்பீல்ட்சிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் குடும்பங்கள் எளிதில் அங்குச் சென்று வரலாம். செல்வது நல்லதே. மக்கள் வருவது நின்றால் செடி விற்போர் வாடுவர். ஊர் மீண்டும் ஒதுக்கப்பட்டதாகும். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் செடித் தோட்டத்தோடு நின்றுவிடாமல் பழைய வீடுகளின் பக்கமும் சிறிது நடந்து, அவ்வீடுகள் எதற்காகக் கட்டப்பட்டன என்பதைச் சொல்லுதல் வேண்டும். கருவில் உருவான பிள்ளையையும் நோயின் பெயரால் தாயினின்றும் பிரித்த காலம் ஒன்று இருந்தது என்பதைப் பத்து வயதுப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளும். பெரியோர் அன்று செய்த தவறு அறியாமையால் மட்டும் நிகழ்ந்ததன்று, அச்சத்தாலும் நிகழ்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். வீட்டு முற்றத்தில் அம்மல்லிகை பூக்கும்போது, அதனை முதலில் நட்டு வளர்க்கக் கற்றுத் தந்த கைகள் எவருடையவை என்பது அப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.